ஓக் சட்டத்தின் மேல் சிமெண்ட் வேண்டாம்: இங்கிலாந்தின் பழைய மரவீடுகளை வாங்கும், பழுதுபார்க்கும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வீட்டுக்காரர்களுக்கும் கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கும்,

வணக்கம். கெண்ட், சசெக்ஸ், எசெக்ஸ், சஃபோக், ஹியர்ஃபோர்ட்ஷயர், வாரிக்‌ஷயர் பக்கங்களில் பழைய ஓக் மரச்சட்ட வீடொன்றை வாங்கியவர்களுக்கும், வாங்கப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும், அந்த வீடுகளில் பூச்சு வேலையும் தச்சு வேலையும் எடுக்கும் நம்மவர்களுக்கும் இதை எழுதுகிறோம். நாங்கள் இந்த வீடுகளில் தச்சும் சுண்ணாம்பும் செய்பவர்கள்.

கேட்பது ஒன்றுதான். அந்தச் சுவரில் சிமெண்ட், சிலிக்கன், ஃபோம், பிளாஸ்டிக் பெயின்ட் ஆகிய நான்கையும் ஏற்றாதீர்கள். முன்பிருந்தவர்கள் ஏற்றியிருந்தால், அவசரப்படாமல், முறையாக இறக்குங்கள். நானூறு, ஐந்நூறு ஆண்டுகள் மழையிலும் பனியிலும் நின்ற ஓக், சிமெண்டுக்குப் பின்னால் சில பத்தாண்டுகளில் கையால் கிள்ளி எடுக்கும் அளவுக்கு இற்றுப்போகிறது. ஏன் என்று விளங்கிவிட்டால் மற்ற முடிவுகளை நீங்களே எடுத்துவிடலாம்.

இந்த வீடுகளில் கூரையைத் தாங்குவது சுவர் அல்ல, மரக்கூடு. தரையில் கல்லாலோ செங்கல்லாலோ ஒரு தாழ்வான கட்டு. அதன்மேல் படுத்திருப்பது அடிச்சட்டம். அதில் தூண்கள் நிற்கும். தூண்களின் தலையில் நீளவாக்கில் வளைமரம். வீட்டின் அகலத்துக்குக் குறுக்காக விட்டம். விட்டத்துக்கு மேலே கைமரங்கள். மூலைகளில் சாய்வுச் சட்டங்கள் கூட்டைக் காற்றுக்குச் சாயாமல் பிடித்துக்கொள்ளும். மேற்கிலும் நடுநாட்டிலும் இன்னொரு வகை உண்டு: இயல்பாகவே வளைந்த ஒரு மரத்தை நடுவே பிளந்து, இரண்டு பாதியையும் எதிரெதிரே நிறுத்தி உச்சியில் சேர்ப்பார்கள். ஷாட்டரியில் இருக்கும், ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்வேயின் குடிலின் மிகப் பழைய பகுதி, 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அந்த வகைதான்.

தூணின் தலையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மேலே போகப் போகத் தூண் தடிக்கிறதா? மரத்தைத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறார்கள். வேர்ப்பக்கம் அகலமாக இருக்கும். தூண், வளைமரம், விட்டம் மூன்றும் ஒரே இடத்தில் கூடுவதால் அங்கேதான் அதிக மரம் தேவை. ஒரு மரத்தின் நுனியில் செதுக்கிய கழுந்து மற்றதில் வெட்டிய துளைக்குள் புகும். குறுக்கே மர ஆணி இறங்கும். அந்த ஆணிக்கான ஓட்டையைக் கழுந்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்தள்ளி இட்டிருப்பார்கள். கூராகச் சீவிய ஓக் ஆணியை அடித்து இறக்கும்போது அது வளைந்து புகுந்து, இரண்டு மரத்தையும் ஒன்றோடொன்று இழுத்து இறுக்கும். அதனால்தான் மரம் காய்ந்து சுருங்கிய பிறகும் இணைப்பு கழலவில்லை. அதைப் பிடுங்கிவிட்டு போல்ட் போடுபவர் அந்த இழுவையை அறுத்துவிடுகிறார். சாதாரண இரும்பாக இருந்தால் ஓக்கிலுள்ள துவர்ப்புச் சத்து அதை அரிக்கும், மரமும் கறுக்கும். உலோகம் போட்டே தீர வேண்டிய இடத்தில் துருப்பிடிக்காத எஃகு மட்டுமே.

மரத்தை வெட்டிய சூட்டிலேயே, பச்சையாகவே வேலை செய்தார்கள். பச்சை ஓக்கில் உளி இறங்கும். காய்ந்த ஓக் உளியைத் திருப்பி அனுப்பும். கூட்டை முதலில் தரையில் படுக்கவைத்துப் பொருத்தி, இணைப்புக்கு இணைப்பு குறியிட்டு, கழற்றி, இடத்துக்குக் கொண்டுபோய் மறுபடி எழுப்பினார்கள். சட்டத்தின் முகத்தில் ரோமன் எண் போன்ற கீறல்கள் தெரிந்தால் அவை அந்தக் குறிகள்தான். ஒரு தூணிலும் அதைச் சேரும் சாய்வுச் சட்டத்திலும் ஒரே எண் இருக்கும். நான்கை நான்கு கோடாகவே போட்டிருப்பார்கள். மணல் பீய்ச்சி மரத்தைச் ‘சுத்தம்’ செய்கிற வேலை இதையெல்லாம் ஒரே பிற்பகலில் அழித்துவிடும். கோடாலியும் வாய்ச்சியும் விட்ட தழும்பும் சேர்ந்து போய்விடும். எந்த விலைக்குச் சொன்னாலும் அந்த வேலையை வாங்காதீர்கள்.

பச்சையாகக் கட்டிய கூடு காய்ந்தபோது முறுக்கியது, வளைந்தது, சாய்ந்தது. மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். ஆகவே தளம் ஒரு பக்கம் சரிந்திருப்பதும் கதவுச்சட்டம் கோணலாக இருப்பதும் நோய் அல்ல. ஜாக் வைத்து நிமிர்த்த வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். முந்நூறு ஆண்டுகளாக அப்படியே உட்கார்ந்துவிட்ட இணைப்பைத் தூக்கினால் கழுந்து முறியும். கவலைப்பட வேண்டியது புதிய அசைவுக்கு: கழுந்து துளையிலிருந்து வெளியே வந்து, புதிதாக வெளுத்த மரம் தெரிந்தால்.

இனிச் சுவர். வன்னியிலோ மட்டக்களப்பிலோ வரிச்சுக் கட்டி மண் அப்பிய வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். மேல் சட்டத்தின் அடியில் வரிசையாகத் துளைகள். கீழ்ச் சட்டத்தின் மேல்முகத்தில் நீளமாக ஒரு காடி. பிளந்த ஓக் தடியின் மேல்முனையைத் துளையில் செருகி, கீழ்முனையைக் காடிக்குள் தட்டி நகர்த்தி நிறுத்துவார்கள். தடிகளுக்கிடையே ஹேசல் குச்சியைக் கூடை முடைவதுபோல் பின்னுவார்கள். அதன்மேல் களிமண், வைக்கோல், சாணம் சேர்த்து மிதித்த மண்ணை இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று ஒரே நேரத்தில் அறைவார்கள், நடுவில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்படி. அதன்மேல் சுண்ணாம்புக் காரை, அதன்மேல் வெள்ளை. பிற்காலத்தில் மண்ணை எடுத்துவிட்டுச் செங்கல் அடைத்த வீடுகளும் ஏராளம். அதுவும் வீட்டின் வரலாறுதான், சாந்து சுண்ணாம்பாக இருக்கும்வரை.

இந்தச் சுவரில் மழை படும், நனையும். மழை விட்டதும் காற்று அதை இழுத்துக் காயவைத்துவிடும். சட்டத்துக்கும் மண்ணுக்கும் இடையே கோடையில் ஒரு மயிரிழை இடைவெளி தெரியும், குளிர்காலத்தில் மூடும். மரம் அசைவது அதன் குணம். மண்ணும் சுண்ணாம்பும் அந்த அசைவுக்கு இணங்கிப் போகின்றன. சிமெண்ட் இணங்காது. பூசிய முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே சட்டத்தின் ஓரத்தில் விரிசல் விடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்த விரிசல் மழைநீரை உறிஞ்சி உள்ளே இழுக்கும். உள்ளே போன நீர் சிமெண்ட் முகத்தின் வழியாக வெளியேற முடியாது. மண்ணின் வழியாக இறங்கிக் கீழ்ச் சட்டத்துக்கு வரும். அங்கே காடியும் துளைகளும் கிண்ணம்போல் நீரைத் தாங்கி நிற்கும். ஓக்கின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேலே போய் அங்கேயே நின்றுவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வைரம் பாய்ந்த ஓக் கூட அதைத் தாங்காது.

விரிசலைப் பார்த்துவிட்டு அதில் சிலிக்கன் பீய்ச்சுவதுதான் அடுத்த தவறு. நீர் வரும் வாசல் பத்தில் ஒன்பது அடைபடும், வெளியேறும் வாசல் முழுவதும் அடைபடும். ஃபோமும் அப்படியே. கூரையின் உட்புறம் கைமரங்களின் மேல் ஸ்ப்ரே ஃபோம் அடித்த வீடுகளுக்குக் கடன் கொடுக்கப் பல வங்கிகள் மறுக்கின்றன. மரம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கவே முடியாமல் போவது ஒரு காரணம்.

வீட்டில் இது நடக்கிறதா என்று பார்க்க அதிகக் கருவி வேண்டாம். பூச்சை விரல்முட்டியால் தட்டுங்கள். டொக் என்று வெறும் ஓசை வந்தால் பூச்சு உள்ளே சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது. ஒரு குத்தூசியை அடிச்சட்டத்திலும், தூணின் கால்மாட்டிலும், ஜன்னலுக்குக் கீழே உள்ள சட்டத்திலும் அழுத்துங்கள். நல்ல ஓக்கில் நுனி மட்டும் பதியும். அரை அங்குலம் எளிதாக இறங்கினால் அங்கே மரம் இற்றுப்போகத் தொடங்கிவிட்டது. வெளிப்புறத்தில் சட்டம் நன்றாகத் தெரிந்து உட்புறம் மாவாகி இருப்பதும் உண்டு, ஆகவே இரண்டு பக்கமும் பாருங்கள். மின்சார ஈரமானியை மரத்தில் குத்திப் பார்க்கலாம். பழைய காரையில் வைத்து எடுத்த எண்ணை நம்ப வேண்டாம். உப்புப் பூத்த சுவரில் அது ஈரம் இல்லாமலே எகிறும். அந்த எண்ணைக் காட்டித்தான் ‘ஓதம் ஏறுகிறது, ஊசி போட வேண்டும்’ என்று ரசாயனம் ஏற்ற வருவார்கள். மரச்சட்டத்தின் அடியில் ஊசி போட்டு எதையும் சாதிக்க முடியாது.

அதற்குப் பதில் வெளியே போய்த் தரையைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகப் பூந்தோட்ட மண்ணும் நடைபாதைக் கல்லும் ஏறி, அடிச்சட்டம் தரைமட்டத்துக்கு வந்திருக்கும். பல வீடுகளில் நோய் முழுவதும் இதுதான். அடிச்சட்டத்துக்குக் கீழே குறைந்தது 150 மி.மீ. கற்கட்டு தெரியும்படி மண்ணை இறக்குங்கள். தெறிக்கும் மழைக்கு அதுவும் போதாது, இன்னும் கூடுதலாக இருந்தால் நல்லது. ஆனால் இந்தக் கற்கட்டுக்கு ஆழமான அத்திவாரம் இருக்காது. ஒட்டி ஆழமாகத் தோண்டினால் சுவரே அசையும். பீலி ஒழுகுகிறதா, குழாய் நீர் சுவரடியில் விழுகிறதா என்பதையும் மழை பெய்யும்போதே நின்று பாருங்கள்.

சிமெண்டை இறக்குவது வசந்தத்தில் தொடங்க வேண்டிய வேலை. உறைபனி இருக்கும் காலத்தில் சுண்ணாம்பு பிடிக்காது. 5 டிகிரிக்குக் கீழே வேலையை நிறுத்திவிட வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டங்களுக்கு இடையிலுள்ள சுவர்க் கட்டத்தின் நடுவில் சின்ன உளியால் தொடங்கி ஓரத்தை நோக்கி வாருங்கள். சட்டத்தின் ஓரத்தில் இயந்திர உளியோ கிரைண்டரோ வேண்டாம், ஒரு சறுக்கல் போதும். சிமெண்டுக்கு உள்ளே கம்பிவலை அடித்திருப்பார்கள். அதன் ஆணிகளை மரச் சில்லு முட்டுக்கொடுத்து ஒவ்வொன்றாக எடுங்கள். பின்னால் பழைய மண் உறுதியாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அதில் பூசியவரின் விரல் தடமும் வைக்கோல் தடமும் அப்படியே இருக்கும். அதை எடுத்துவிட்டுப் புதிது போடுவதில் எந்த லாபமும் இல்லை. மரம் காய மாதங்கள் ஆகும். ஹீட்டர் வைத்து விரட்டினால் வெடிக்கும்.

மண் விழுந்துபோன இடத்துக்கு மட்டும் புதிய மண். மேல்மண் ஆகாது, அதன் கீழே உள்ள களிமண் வேண்டும். களி மிகுந்தால் காயும்போது பாளம் பாளமாக வெடிக்கும், மணல் மிகுந்தால் உதிரும். அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதால், முதலில் ஒரு சதுர அடியில் மாதிரி பூசிக் காயவைத்துப் பார்த்துவிட்டு மணலைக் கூட்டிக் குறையுங்கள். வைக்கோலைத் தாராளமாகப் போடுங்கள். வெடிப்பைக் கட்டுவது அதுதான். பின்னலை நனைத்துவிட்டு இரண்டு பக்கமும் சேர்ந்து அறையுங்கள். காரைக்கு இடம் விட்டுச் சட்டத்தின் முகத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே நிறுத்துங்கள். பாதி காய்ந்ததும் வெடிப்புகளை உள்ளங்கையால் அழுத்தி மூடுங்கள். முழுதும் காய மூன்று நான்கு வாரம் ஆகலாம்.

காரை: நீற்றிப் பழக்கிய சுண்ணாம்புக் குழம்பு ஒரு பங்கு, கூர்மையான மணல் மூன்று பங்கு, ஆட்டு மயிர். மயிரைப் பூசுவதற்குச் சற்று முன்னால்தான் கலக்க வேண்டும். ஈரச் சுண்ணாம்பில் வாரக்கணக்கில் கிடந்தால் கரைந்துபோகும். மண்ணில் தண்ணீர் தெளித்து, 6 மி.மீ. அளவில் இரண்டு மெல்லிய பூச்சுகள். கனமாக ஒரே பூச்சு போட்டால் விழும். காரை சட்டத்தின் முகத்தோடு சமமாக முடிய வேண்டும். துருத்தி நின்றாலும் பள்ளமாக இறங்கினாலும் அந்த விளிம்பில் நீர் உட்காரும். ஈரச் சாக்கு தொங்கவிட்டு மெல்லக் காயவிடுங்கள். கடைசியில் பால்போல் மெலிந்த சுண்ணாம்பு, நான்கு ஐந்து கை, ஒவ்வொரு கைக்கு முன்னும் சுவரை நனைத்து. ஒட்டிக்கொள்ளாது என்று சொல்லி எமல்ஷன் பெயின்டை அதில் கலக்கச் சொல்வார்கள். கலந்தால் செய்த வேலை அத்தனையும் வீண். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் சுண்ணாம்பைத் தொடாதீர்கள். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

நம்மூர்க் காரையில் கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பதை அறிந்தவர்கள் இங்கேயும் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அந்தந்தச் சுவரில் ஏற்கெனவே இருப்பதைப் பார்த்து அதையே செய்யுங்கள்.

இற்றுப்போன ஓக்கில் இற்றதை மட்டும் வெட்டி எடுங்கள். தூணின் கால் போயிருந்தால் தூணை மாற்றத் தேவையில்லை. நல்ல மரம் தொடங்கும் இடத்தில் சாய்வாக வெட்டி, புதிய ஓக் துண்டைச் சேர்த்து மர ஆணி இட வேண்டும். சேர்க்கும் நீளம் வழக்கமாகச் சட்டத்தின் ஆழத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாது. ஒட்டுத்துண்டுக்குக் காயவைத்த மரம் வேண்டும். பச்சை மரத்தை ஒட்டினால் அது சுருங்கி விலகும். ஓக் ஓராண்டுக்கு ஓர் அங்குலம்தான் காயும், ஆகையால் நல்ல மரக்கடையைத் தேடுங்கள். வெளிவெள்ளை (பட்டையை ஒட்டிய வெளிறிய இளமரம்) இருந்தால் சீவிவிடுங்கள், வண்டு முதலில் தேடுவது அதைத்தான். ரெசின் ஊற்றி இறந்த மரத்துக்கு ‘உயிர்’ கொடுப்பதாகச் சொல்பவர்கள் உள்ளே ஈரத்தைச் சிறைவைக்கிறார்கள்.

வண்டுத் துளையைக் கண்டதும் வீடு முழுக்க மருந்தடிக்க விலை வாங்காதீர்கள். 1, 2 மி.மீ. துளைகள் பெரும்பாலும் வெளிவெள்ளையில் என்றோ நின்றுபோன வேலை. 3 மி.மீ. துளை டெத்வாட்ச் வண்டு. அது ஈரத்தில் பூஞ்சணம் தொட்ட ஓக்கைத்தான் நாடும். புழு மரத்தின் உள்ளே பல ஆண்டுகள் இருக்கும், மேலே அடித்த மருந்து சில மில்லிமீட்டர்களுக்குமேல் இறங்காது. பிப்ரவரியில் துளைகளின்மேல் மெல்லிய காகிதம் ஒட்டுங்கள். ஜூலையில் காகிதம் ஓட்டையாகி இருந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. அப்போதும் முதல் மருந்து ஈரத்தை நிறுத்துவதுதான்.

சட்டத்தை வெளியே காட்ட ஆசைப்படுவதையும் சொல்ல வேண்டும். சஃபோக்கிலும் எசெக்ஸிலும் பல வீடுகள் சட்டத்தையும் சேர்த்து முழுவதும் காரையால் மூடப்பட்டவை. சிலவற்றில் காரையிலேயே பூவேலை இருக்கும். கெண்டிலும் சசெக்ஸிலும் ஓடு தொங்கவிட்டு மூடினார்கள். அதை உரித்து மரத்தைக் காட்டினால் இதுவரை மழை காணாத இணைப்புகளை மழையில் நிறுத்துகிறீர்கள். கறுப்புச் சட்டம், வெள்ளைக் கட்டம் என்ற தோற்றமும் பல ஊர்களில் விக்டோரியா காலத்து ரசனை. ஓக் வெள்ளிச் சாம்பல் நிறமாகவோ, சுண்ணாம்பு அடித்தோ இருந்தது. புதிதாகத் தார் பெயின்ட் அடிக்காதீர்கள்.

கூரைக்குள் ஏறும்போது கைமரங்களில் கரி படிந்திருந்தால் தொடாதீர்கள். புகைபோக்கி வருமுன், நடுத்தரையில் அடுப்பு எரிந்த கூடத்தின் சாட்சி அது. சசெக்ஸில் ஆல்ஃபிரிஸ்டன் கிளர்ஜி ஹவுஸ் என்ற 14ஆம் நூற்றாண்டுக் கூட வீட்டை, பழைய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் 1896இல் 10 பவுண்டுக்கு வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் அது. சிங்கிள்டனில் உள்ள வீல்ட் அண்ட் டவுன்லண்ட் அருங்காட்சியகத்தில் பேலீஃப் பண்ணைவீட்டின் கூடத்தில் நின்று மேலே பார்த்தால் உங்கள் வீடு முதலில் எப்படி இருந்தது என்று புரியும். வேலை தொடங்கும் முன் ஒரு நாள் ஒப்பந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள்.

சமையல் நம் வீடுகளுக்கே உரிய விஷயம். சோறு வடித்து, இடியப்பம் அவித்து, குழம்பு கொதிக்கும் ஆவி குளிர்ந்த ஓக்கில் போய்த் தண்ணீராக நிற்கும். ஆவியைச் சுழற்றி உள்ளேயே விடும் விசிறி போதாது, வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் வேண்டும். குழாயைச் சட்டத்தைத் துளைக்காமல் கட்டத்தின் வழியே விடுங்கள். வைக்கோல், நாணல் கூரை வீடானால் தீபாவளி வாணம் வேண்டவே வேண்டாம். விறகடுப்பின் புகைபோக்கி கூரை முகட்டுக்கு மேல் 1.8 மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும், ஆண்டுக்கு இரண்டு முறை துப்புரவாக்க வேண்டும்.

அரசின் சட்டவிதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம், ஆனால் இதில் தவறினால் விலை பெரிது. 1700க்கு முன் கட்டிப் பழைய உடல் நிலைத்திருக்கும் வீடுகள் அநேகமாக எல்லாம் லிஸ்டட் பில்டிங், அதாவது பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் உள்ளவை. பட்டியல் வெளிமுகத்தை மட்டுமல்ல, உட்புறத்தையும் சேர்த்தே காக்கிறது. குணத்தை மாற்றும் வேலைக்கு உள்ளூர்க் கவுன்சிலின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, முடிவுக்கு வழக்கமான கெடு 8 வாரம். அனுமதியின்றிச் செய்வது 1990ஆம் ஆண்டின் பட்டியல் கட்டடச் சட்டம் 9ஆம் பிரிவின்படி குற்றம். செய்யச் சொன்னவர், செய்தவர் இருவரும் சிக்குவார்கள். 2 ஆண்டு சிறை, வரம்பில்லா அபராதம் வரை போகலாம். முன்பிருந்தவர் அனுமதியின்றிச் செய்ததைத் திருத்தும்படி இன்றைய உரிமையாளரிடம் கவுன்சில் கேட்கலாம், அதற்குக் காலவரம்பு இல்லை. அதனால் வாங்கும்போதே ஜன்னல், பூச்சு, கூரை எல்லாவற்றுக்கும் அனுமதிக் கடிதம் கேட்குமாறு வழக்கறிஞரிடம் எழுத்தில் சொல்லுங்கள். சிமெண்டை இறக்குவதற்கும் முன்கூட்டியே கவுன்சிலின் பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலரிடம் பேசுங்கள். கூரையில் வௌவால் இருந்தால் அதற்குத் தனிச் சட்டம் உண்டு, வேலையை நிறுத்திவிட்டு ஆலோசனை கேளுங்கள். பழுதுபார்க்கும் முறை பற்றி 1877இல் வில்லியம் மோரிஸும் நண்பர்களும் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றும் அறிவுரை தருகிறது.

ஒப்பந்தக்காரர்களே, நீங்கள் கொடுக்கும் மதிப்பீட்டில் ‘ரெண்டர் பழுது’ என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். எந்தச் சுண்ணாம்பு, என்ன விகிதம், எத்தனை பூச்சு, எந்த மாதம் என்று எழுதுங்கள். வீட்டுக்காரர்களே, அந்த வரிகள் இல்லாத தாளில் கையெழுத்திடாதீர்கள். சுண்ணாம்பு தெரிந்த நல்ல கைகளுக்கு வரிசையில் காத்திருக்க வேண்டி வரும். அடுத்த ஏப்ரலுக்கான தேதியை இலையுதிர் காலத்திலேயே வாங்கிவிடுங்கள். அதுவரை பீலியைச் சரிசெய்து, அடிச்சட்டத்தை ஒட்டிய மண்ணை மட்டும் இறக்கிவையுங்கள்.

அன்புடன்,
மரச்சட்ட வீடுகளில் தச்சும் சுண்ணாம்பும் செய்பவர்கள்